மாநிலம் கிளை அலுவலகம் அன்று

தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலுக்குச் சென்று வரும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். விண்ணளாவி நிற்கும் விமானத்தின் கற்களையும், உட்சுவர் ஓவியங்களையும் பேணிக் காப்பது மத்திய அரசின் தொல்லியல் துறை. அதே கோயிலில் பூஜையும் திருவிழாவும் நடைபெறுவது அரண்மனை தேவஸ்தானத்தின் பொறுப்பில். அதற்குமேல் மாநில அரசின் இந்து சமய அறநிலையத் துறை. நாம் வந்திறங்கிய ரயில் மத்திய அரசுடையது. வாசலில் நெரிசலை ஒழுங்கு செய்யும் காவலர் மாநில அரசின் ஊழியர். கோயில் ஒன்று, தரிசனமும் ஒன்று. ஆயினும் இரண்டு அரசுகள் அங்கே தத்தம் எல்லைக்குள் நின்று பணி செய்கின்றன.

யாத்திரை செல்வோர் அறிந்து மகிழத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. நமது அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் தீர்த்த யாத்திரைக்கே தனி இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்தியாவுக்கு வெளியே உள்ள தலங்களுக்குச் செல்லும் யாத்திரை மத்தியப் பட்டியலில் 20-ஆவது இனம். நாட்டிற்குள் நிகழும் யாத்திரை மாநிலப் பட்டியலில் 7-ஆவது இனம். அதனால்தான் திருக்கயிலாய யாத்திரையை வெளியுறவு அமைச்சகம் ஏற்பாடு செய்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை செல்வோருக்குச் சாலையோரத்தில் தண்ணீரும் வெளிச்சமும் காவலும் தருவது மாநில அரசின் கடமையாகிறது. அறக்கட்டளைகளும் சமய நிறுவனங்களின் சொத்துகளும் இருவருக்கும் பொதுவான பட்டியலில் 28-ஆவது இனமாக உள்ளன.

இவ்வளவு நுணுக்கமாகப் பங்கு பிரித்து வைத்த பெரியோர், இருவருக்கும் இடையே பிணக்கு எழும் என்பதையும் அறிந்தே இருந்தனர். அந்தப் பிணக்கின் வரலாற்றில் நம் தலைமுறையினர் வெறும் பார்வையாளர்கள் அல்லர். நாம் வாக்களித்து அமைத்த அரசு, பதவிக்காலம் முடியுமுன்பே டில்லியிலிருந்து வந்த ஓர் அறிவிப்பால் மறைந்து போனதை நம்மில் பலர் ஒருமுறையன்று, பலமுறை கண்டிருக்கிறோம். அது எப்படி நிகழ்ந்தது, பின்னர் எப்படிக் கட்டுக்குள் வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரவல் அதிகாரமும் சொந்த அதிகாரமும்

வங்கிப் பணியில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த உவமை ஒன்றைக் கூறுகிறேன். வங்கியின் கிளை மேலாளருக்குக் கடன் வழங்கும் அதிகாரம் உண்டு. ஆனால் அது தலைமை அலுவலகம் அவரிடம் ஒப்படைத்த அதிகாரம். வரம்பைக் கூட்டலாம், குறைக்கலாம், ஒரு சுற்றறிக்கையால் முழுவதையும் திரும்பப் பெறலாம். மேலாளரை மாற்றலாம், கிளையையே மூடிவிடலாம். யாரும் குறை சொல்ல இயலாது. ஏனெனில் அதிகாரம் முழுவதும் தலைமையிடத்துக்கே உரியது. கிளையில் இருப்பது இரவல்.

மாநில அரசையும் இவ்வாறே எண்ணுவோர் பலர். டில்லி தலைமை அலுவலகம், சென்னை வட்டார அலுவலகம், மாவட்டங்கள் கிளைகள் என்பது அவர்கள் மனத்தில் உள்ள படம். இது பிழையான படம். நாடாளுமன்றத்திற்கு எந்த நூல் அதிகாரம் தருகிறதோ, அதே நூல்தான் சட்டமன்றத்திற்கும் அதிகாரம் தருகிறது. மத்திய அரசை எந்த மக்கள் தேர்ந்தெடுக்கிறார்களோ, அதே மக்கள்தான் மாநில அரசையும் தேர்ந்தெடுக்கிறார்கள். நாடாளுமன்றம் மாநிலங்களின் எல்லைகளை மாற்றலாம், புதிய மாநிலங்களை உருவாக்கலாம் என்று 3-ஆவது பிரிவு கூறுவது உண்மையே. எனினும் ஒரு மாநிலம் மாநிலமாக இருக்கும்வரை, தன் பட்டியலில் உள்ள துறைகளில் அது செலுத்தும் அதிகாரம் சொந்த அதிகாரம், இரவல் அன்று.

இந்த வேறுபாட்டை மறக்கச் செய்யும் வாயில் ஒன்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதுவே 356-ஆவது பிரிவு.

அந்நியர் விட்டுச் சென்ற ஆயுதம்

ஒரு மாநிலத்தின் ஆட்சியை அரசியலமைப்பின்படி நடத்த இயலாத நிலை எழுந்துள்ளது என்று குடியரசுத் தலைவர் கருதினால், அம்மாநில அரசின் பணிகளைத் தாமே ஏற்கலாம் என்கிறது இப்பிரிவு. குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் மத்திய அமைச்சரவை. அவருக்கு அறிக்கை அனுப்புபவர் ஆளுநர். அந்த ஆளுநரை நியமிப்பதும் மத்திய அரசின் ஆலோசனையே.

இதன் வேர் ஆங்கிலேயர் இயற்றிய 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 93-ஆவது பிரிவு மாகாண ஆளுநர் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொள்ள வழிசெய்தது. 1939-ல் இந்திய மக்களைக் கலந்துகொள்ளாமலேயே வைஸ்ராய் லின்லித்கோ இந்நாட்டை இரண்டாம் உலகப் போரில் சேர்த்தபோது, மாகாணங்களில் இருந்த காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவையும் விலகியது. அதன்பின் 1946 வரை சென்னை மாகாணத்தை அந்த 93-ஆவது பிரிவின்கீழ் ஆளுநரே ஆண்டார்.

அடிமை நாட்டில் பிறந்த அந்த ஏற்பாடு சுதந்திர நாட்டின் சட்டத்திலும் இடம்பெறலாமா என்ற கேள்வி 1949 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. எச்.வி. காமத் போன்றோர் கடுமையாக எதிர்த்தனர். டாக்டர் அம்பேத்கர் தமது மறுமொழியில், இது தவறாகப் பயன்படக்கூடும் என்பதை மறுக்கவில்லை. இது செயலுக்கு வராத வெற்றெழுத்தாகவே கிடக்கும் என்று தாம் நம்புவதாகவும், பயன்படுத்த நேர்ந்தாலும் முதலில் அம்மாநிலத்துக்கு எச்சரிக்கை விடப்படும் என்று எதிர்பார்ப்பதாகவும் கூறினார்.

பிரிவினையின் இரத்தம் காயாத காலம் அது. சமஸ்தானங்கள் அப்போதுதான் இணைந்துகொண்டிருந்தன. நாடு சிதறிவிடக்கூடாதே என்ற அச்சம் நியாயமானது. ஆகவே வாயில் வைக்கப்பட்டது. பூட்டும் இருக்கும் என்று நம்பப்பட்டது.

வெற்றெழுத்து உயிர்பெற்ற கதை

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆவதற்குள், 1951 ஜூன் மாதம் பஞ்சாபில் முதன்முறையாக இப்பிரிவு பயன்படுத்தப்பட்டது. அங்கே ஆட்சியில் இருந்ததும் காங்கிரஸ், மத்தியில் இருந்ததும் காங்கிரஸ். உட்கட்சிப் பூசலைத் தீர்க்கும் வழியாகக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

1959 ஜூலை 31 அன்று கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு நீக்கப்பட்டது. சட்டமன்றத்தில் அவர் பெரும்பான்மையை இழக்கவில்லை. கல்விச் சட்டத்தை எதிர்த்தும், ஆட்சியை எதிர்த்தும் தெருவில் பெரும் போராட்டம் நடந்தது. 1960-ல் நடந்த தேர்தலில் எதிரணி வென்றது என்பதும் உண்மை. ஆயினும் மக்கள் மனம் மாறிவிட்டது என்பதைத் தேர்தலுக்கு முன்பே டில்லி முடிவு செய்யலாமா என்ற வினா அன்றே பிறந்தது.

1977-ல் மொரார்ஜி தேசாய் தலைமையில் ஜனதா அரசு வந்தது. நெருக்கடி நிலையை எதிர்த்துச் சிறை சென்றவர்கள் நிறைந்த அரசு அது. அந்த அரசே, மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் தோற்றுவிட்டதால் காங்கிரஸ் ஆளும் மாநிலங்களும் மக்கள் நம்பிக்கையை இழந்துவிட்டன என்று கூறி, ஒன்பது மாநிலங்களின் சட்டமன்றங்களைக் கலைத்தது. 1980-ல் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானபோது அதே வாதத்தைத் திருப்பி, ஒன்பது மாநில அரசுகளை நீக்கினார். ஒரு தரப்பார் தீட்டிய கத்தியை மறுதரப்பார் எடுத்துக்கொள்ள மூன்றாண்டுகளே தேவைப்பட்டன.

அந்த வாதம் எத்தனை பலவீனமானது என்பதைக் காட்டியவர்கள் தமிழ்நாட்டு வாக்காளர்களே. 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. வென்றது இரண்டில் மட்டுமே. மக்கள் நம்பிக்கை போய்விட்டது என்று பிப்ரவரி 17 அன்று அவரது அரசு நீக்கப்பட்டது. மே மாத இறுதியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. 234 இடங்களில் 129 இடங்களை அதே அ.தி.மு.க. தனித்தே பெற்றது; எம்.ஜி.ஆர். மீண்டும் முதலமைச்சரானார். டில்லிக்கு ஒருவர், கோட்டைக்கு வேறொருவர் என்று பகுத்தறிந்து வாக்களிக்க நம் மக்களுக்குத் தெரிந்திருந்தது. அதை அறியாதது அதிகாரமே.

நம் மாநிலம் கண்ட நான்கு முறை

தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி நான்கு முறை வந்துள்ளது. முதலாவது, நெருக்கடி நிலையின்போது 1976 ஜனவரி 31 அன்று மு. கருணாநிதியின் தி.மு.க. அரசு நீக்கப்பட்டபோது. 1977 ஜூன் இறுதியில் எம்.ஜி.ஆர். பதவியேற்கும் வரை ஏறத்தாழ பதினேழு மாதங்கள் மாநிலத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு இல்லை. இரண்டாவது, மேலே சொன்ன 1980. மூன்றாவது, எம்.ஜி.ஆர். மறைந்த பின்னர் 1988 ஜனவரியில். ஜானகி அம்மையார் நம்பிக்கை கோரிய நாளில் சட்டமன்றத்திற்குள் நடந்த கைகலப்பையும் காவலர் நுழைந்ததையும் கண்டு நாடே தலைகுனிந்தது. இரண்டு நாட்களில் ஆட்சி நீக்கப்பட்டது.

நான்காவது 1991 ஜனவரி 30. இதுதான் நாம் நின்று சிந்திக்க வேண்டியது. சந்திரசேகர் பிரதமர், அவரது சிறுபான்மை அரசு காங்கிரசின் வெளி ஆதரவில் நின்றது. தமிழ்நாட்டில் விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தால் சட்டம் ஒழுங்கு சீர்கெட்டுவிட்டது என்பது தி.மு.க. அரசின்மீது சொல்லப்பட்ட காரணம். வழக்கமாக ஆளுநரின் அறிக்கையைப் பெற்றே இந்நடவடிக்கை எடுக்கப்படும். ஆனால் அன்றைய ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அத்தகைய அறிக்கையை அனுப்ப மறுத்துவிட்டார். அப்போதும் அரசு நீக்கப்பட்டது. எப்படி? 356-ஆவது பிரிவில் ஆளுநரின் அறிக்கை பெற்றோ ‘அல்லது வேறு வகையிலோ’ என்று ஒரு தொடர் உண்டு. அந்த ‘வேறு வகை’ என்னும் சிறு தொடரின் வழியாகவே சட்டமன்றத்தில் பெரும்பான்மை கொண்டிருந்த ஓர் அரசு வெளியேற்றப்பட்டது. பர்னாலா பீகாருக்கு மாற்றப்பட்டார்; அதனை ஏற்காமல் பதவியைத் துறந்தார்.

அக்குற்றச்சாட்டு முழுப் பொய் என்றோ முழு உண்மை என்றோ தீர்ப்புக் கூறுவது இங்கே நோக்கமன்று. அதை எடைபோட வேண்டிய இடம் எது என்பதே கேள்வி. கணக்கில் குறை இருக்கிறது என்று சந்தேகம் எழுந்தால் தணிக்கையாளர் பதிவேடுகளைக் கேட்பார், விளக்கம் கோருவார், கண்டதை எழுதி வைப்பார். பிறகே நடவடிக்கை. எழுத்தில் காரணமும் இன்றி, எதிர்த்தரப்பின் விளக்கமும் இன்றி முடிக்கப்படும் விசாரணையை ஒரு சிறு கிளையில்கூட யாரும் ஏற்கமாட்டார்கள்.

பொம்மை வழக்கு

கர்நாடகத்தில் நிகழ்ந்த ஒரு கலைப்பே இக்கதையின் திருப்புமுனை. 1988 ஆகஸ்டில் எஸ்.ஆர். பொம்மை முதலமைச்சரானார். 1989 ஏப்ரலில் அவரது கட்சியைச் சேர்ந்த ஒருவர், ஆதரவை விலக்கிக்கொள்வதாகப் பத்தொன்பது உறுப்பினர்களின் கடிதங்களை ஆளுநர் வெங்கடசுப்பையாவிடம் அளித்தார். ஆளுநர் டில்லிக்கு அறிக்கை அனுப்பினார். அடுத்த நாளே அவர்களுள் ஏழு பேர், தாங்கள் ஏமாற்றப்பட்டதாகவும் அரசை ஆதரிப்பதாகவும் எழுதிக் கொடுத்தனர். சட்டமன்றத்தைக் கூட்டுங்கள், அங்கே என் பலத்தைக் காட்டுகிறேன் என்றார் பொம்மை. ஆளுநர் அதற்கு இசையாமல் இரண்டாவது அறிக்கையை அனுப்பினார். ஏப்ரல் 21 அன்று அரசு நீக்கப்பட்டது; சட்டமன்றமும் கலைக்கப்பட்டது.

பொம்மை உயர் நீதிமன்றம் சென்றார், தோற்றார். உச்ச நீதிமன்றம் சென்றார். நாகாலாந்து, மேகாலயா மாநிலங்களின் வழக்குகளும் சேர்ந்தன. 1992 டிசம்பரில் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின்னர் நீக்கப்பட்ட மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேச அரசுகளின் வழக்குகளும் சேர்ந்தன. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1994 மார்ச் 11 அன்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பின் சாரம் இது. குடியரசுத் தலைவரின் அறிவிப்பு நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைத்தல் ஆகாது. முடக்கி வைக்கலாம், அவ்வளவே. அறிவிப்பு செல்லாது என்று கண்டால் நீக்கப்பட்ட அரசை மீண்டும் அமர்த்தும் ஆற்றல் நீதிமன்றத்துக்கு உண்டு. மக்களவைத் தேர்தலில் தோற்ற கட்சி என்பதற்காக மாநில ஆட்சியைக் கலைத்தல் முறையன்று. கூட்டாட்சி என்பது அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பின் பகுதி; மாநிலங்கள் மத்தியின் வெறும் ஒட்டுறுப்புகள் அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் அமைச்சரவைக்குப் பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதை அளக்க வேண்டிய இடம் சட்டமன்றமே. ஆளுநரின் மனமோ மாளிகையோ அன்று.

கர்நாடகம், நாகாலாந்து, மேகாலயா கலைப்புகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்றது நீதிமன்றம். மற்ற மூன்று மாநிலங்களின் நீக்கத்தை, மதச்சார்பின்மையும் அடிப்படைக் கட்டமைப்பே என்ற காரணத்தால் செல்லும் என்றது. ஆகவே இத்தீர்ப்பு மத்திய அரசின் கையைக் கட்டிப்போட்டுவிடவில்லை. கை நீளும்போது காரணம் கேட்கும் உரிமையை நாட்டுக்குத் தந்தது.

பொம்மைக்கு அதனால் பதவி திரும்பியதா? இல்லை. 1989 இறுதியிலேயே தேர்தல் நடந்து வேறு அரசு அமைந்துவிட்டது. ஐந்தாண்டு காத்திருந்து அவர் பெற்றது தமக்குப் பயன்படாத ஒரு நீதி. பின்வந்த முதலமைச்சர்கள் அனைவரும், அவரை எதிர்த்த கட்சியினர் உட்பட, அந்த நீதியின் நிழலில் அமர்ந்திருக்கிறார்கள்.

உத்தரமேரூர்ச் சுவர் சொல்வது

எண்ணிக்கை ஊரறிய நடைபெற வேண்டும் என்பது மேல்நாட்டிலிருந்து நாம் கற்றது மட்டுமன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள், பெருமாளைச் சேவித்தபின் மண்டபச் சுவரில் உள்ள கல்வெட்டுகளையும் பார்த்து வருதல் வேண்டும். முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆவது ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921-ஆம் ஆண்டுகளில், ஊர்ச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்ய வகுத்த விதிகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சபை நிறைந்திருக்கையில் மூத்த நம்பி ஒருவர் அனைவரும் காணுமாறு குடத்தை உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அதைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். உரக்க வாசிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமாரும் அதை வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் ஓலை மறையக்கூடாது என்பதுவரை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்ற விதியைப் படிக்கும்போது என் போன்றோருக்குத் தனி மகிழ்ச்சி.

இதில் நம் பொருளுக்கு மிக நெருக்கமான செய்தி வேறொன்று. மன்னனின் ஆணையோடு வந்த அதிகாரி சபையில் உடன் அமர்ந்திருந்தார். விதியை வகுத்துத் தீர்மானம் செய்தது சபை. இன்றுள்ளதுபோல் அனைவருக்கும் வாக்குரிமை அன்று இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. நிலமும் கல்வியும் உடையோருக்கே அங்கு இடம். ஆனாலும் மேலிடத்தின் பிரதிநிதி உடனிருக்க, முடிவை உரியவர்களே எல்லோர் கண்முன்னும் எடுப்பது என்ற நாகரிகம் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக ஒரு கோயிற்சுவரில் இருந்து வருகிறது.

இதற்கு மாறாக நடந்ததற்கும் சான்று உண்டு. 1984 ஆகஸ்டில் ஆந்திர ஆளுநர் ராம்லால், சட்டமன்றத்தில் பலத்தைக் காட்ட வாய்ப்பளிக்காமலே என்.டி. ராமாராவை நீக்கினார். ராமாராவ் தம் ஆதரவு உறுப்பினர்களை டில்லிக்கு அழைத்துச் சென்று குடியரசுத் தலைவர் முன் நிறுத்திக் காட்ட வேண்டியதாயிற்று. ஒரு மாதத்தில் அவரே மீண்டும் முதலமைச்சரானார். ஐதராபாத்தில் ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டிய எண்ணிக்கைக்கு நாடே ஒரு மாதம் கொந்தளித்தது.

தீர்ப்புக்குப் பின்

1994-க்கு முன் தொண்ணூறு முறைக்கும் மேல் பயன்பட்ட இப்பிரிவு, அதன்பின் அருகியே பயன்படுகிறது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசை நீக்குமாறு ஐ.கே. குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தபோது, குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார், அமைச்சரவை கைவிட்டது. 1998-ல் பீகார் அரசை நீக்க வாஜ்பாய் அமைச்சரவை பரிந்துரைத்தபோதும் அவர் திருப்பி அனுப்பினார். மறு ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் முயன்றபோது அறிவிப்பு வெளியாயிற்று. மாநிலங்களவையில் பெரும்பான்மை கிட்டாது என்று தெரிந்ததும் அது திரும்பப் பெறப்பட்டு, ராப்ரி தேவியின் அரசு மீண்டும் அமர்ந்தது.

2005-ல் மன்மோகன் சிங் ஆட்சியில் பீகார் சட்டமன்றம் கூடுமுன்பே கலைக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்றது. 2016-ல் நரேந்திர மோடி ஆட்சியில் அருணாசலப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தபோது நீதிமன்றங்கள் தலையிட்டன. உத்தராகண்டில் மே 10 அன்று சட்டமன்றத்திலேயே வாக்கெடுப்பு நடந்து, ஹரிஷ் ராவத் திரும்பினார். அருணாசலத்தில் நீக்கப்பட்ட அரசை ஜூலை மாதம் நீதிமன்றமே மீட்டமைத்தது. கட்சிகளின் பெயர்கள் மாறியுள்ளன, சபலம் மாறவில்லை. மாறியது ஒன்றே: இப்போது கேட்க ஓரிடம் இருக்கிறது.

மத்திய அரசுக்கு இத்தகைய அதிகாரமே வேண்டாம் என்று சொல்வாரும் உளர். நான் அப்படிக் கருதவில்லை. எக்கட்சியாலும் அமைச்சரவை அமைக்க இயலாத நிலை வருவதுண்டு. 1987 முதல் 1992 வரை பஞ்சாபில் பயங்கரவாதத்தின் நடுவே தேர்தலே நடத்த இயலாத காலம் இருந்தது. ஒவ்வொரு மாநிலத்தையும் அந்நியத் தாக்குதலினின்றும் உட்குழப்பத்தினின்றும் காப்பது மத்திய அரசின் கடமை என்று 355-ஆவது பிரிவே கூறுகிறது. வீட்டில் தீயணைக்கும் கருவி இருக்கத்தான் வேண்டும். அடுப்பை அணைக்கவெல்லாம் அதை எடுக்கலாகாது. 1988-ல் அறிக்கை அளித்த நீதியரசர் சர்க்காரியா ஆணையமும், மற்ற வழிகள் அனைத்தும் தோற்ற பின்னரே, கடைசி மருந்தாக இதைக் கையாள வேண்டும் என்றது.

இன்று அந்தப் பிணக்கு வேறு வாயிலுக்கு இடம்பெயர்ந்துள்ளது. அரசைக் கலைப்பது கடினமானபின், அரசு நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் காத்துக்கிடப்பதே வழக்காகிறது. தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் குறித்து 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அவை ஒப்புதல் பெற்றனவாகவே கொள்ளப்படும் என்றும், ஆளுநருக்குக் கால வரம்பு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டதன்பேரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20 அன்று வேறு கருத்தைத் தந்தது. நீதிமன்றம் கால வரம்பு விதிக்க இயலாது, தானாக ஒப்புதல் என்பதும் இல்லை. ஆயினும் காரணமின்றி முடிவில்லாமல் தாமதித்தால் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம் என்றது. இந்த வழக்கின் கடைசி ஏடு இன்னும் எழுதப்படவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

முதியோராகிய நமக்கு இதில் என்ன பங்கு என்று தோன்றலாம். வீட்டில் செய்தித்தாளை முழுமையாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் நாமே. பேரப்பிள்ளைகள் ‘ஏன் தாத்தா அந்த அரசைக் கலைத்தார்கள்?’ என்று கேட்டால் பழைய நிகழ்ச்சிகளை நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்களும் நாமே. ஓர் அரசு நீக்கப்பட்டது என்ற செய்தி வருகையில், அது நமக்குப் பிடித்த கட்சியா என்று பார்க்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். சட்டமன்றத்தில் எண்ணிப் பார்த்தார்களா? காரணத்தை எழுத்தில் வைத்தார்களா? நாடாளுமன்றம் ஒப்புதல் தந்ததா? மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் வருந்தலாம், மகிழலாம், முறை நடந்திருக்கிறது. ஒன்றுக்கேனும் இல்லை என்றால், நீக்கப்பட்டவர் நம் எதிர்க்கட்சிக்காரராகவே இருப்பினும், இழந்தது நாமும்தான்.

1976-ல் மகிழ்ந்தோர் சிலர் 1980-ல் வருந்தினர். 1980-ல் மகிழ்ந்தோர் 1991-ல் வருந்தினர். இருசாராரும் வாக்குச்சாவடியில் வெயிலில் நின்றவர்களே, விரலில் மை வைத்துக்கொண்டவர்களே. ஐந்தாண்டுக்கு என்று அவர்கள் எழுதிக் கொடுத்ததை, அவர்களையே கேளாமல் இடையில் அழிப்பதாயின், அதற்குரிய காரணம் உத்தரமேரூரில் அந்த ஓலையை வாங்கிய கைபோல எல்லோர்க்கும் தெரிய விரிந்திருக்க வேண்டும்.